லாண்டரிக்காரர் துப்பிய வேர்

அந்த அம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. கைப்பையைத்தான் உட்கார வைத்தார்.

"இதுக்குள்ளதான் என் தம்பியோட உயிர் இருக்கு."

ஜன்னலோரம் நின்று செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்த, விசில் என்று எல்லாரும் கூப்பிடும் மனுஷர் திரும்பிப் பார்த்தார். "அப்போ ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைங்கம்மா. பாவம், மூச்சு முட்டப் போகுது."

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக விசிலை ஒரு பார்வை பார்த்தார். 'வாயை மூடு' என்று அதற்கு அர்த்தம். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது விசிலின் மேல் விழும் பார்வை அது. இதுவரை ஒரு தடவைகூட வேலை செய்ததில்லை.

பார்த்தவருக்குக் கமா என்று பட்டப்பெயர். கீழே இருக்கும் அச்சகத்தில் இருபத்தாறு வருஷம் பிழை திருத்தியவர். எந்தப் பேச்சுக்கும் முடிவு சொல்லாமல் நடுவில் நிறுத்தி யோசிப்பார் என்பதால் அச்சுக் கோப்பவர்கள் வைத்த பெயர். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகவில்லை. காகிதத்தில் இருப்பதைவிட மனுஷர்களிடம் பிழைகள் அதிகம் என்பது நினைவுக்கு வர, அச்சக மாடியிலேயே ஓர் அறை எடுத்துத் துப்பறிய உட்கார்ந்துவிட்டார். விசில் அவருக்கு உதவியாளர். முன்பு பஸ் கண்டக்டர். பஸ்ஸைவிட இவர் வாய் வேகமாக ஓடுகிறது என்று பயணிகள் எழுதிப் போட்ட கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்ததும், தானாகவே இறங்கிக்கொண்டவர்.

"உட்காருங்க," என்றார் கமா. "தம்பிக்கு என்ன?"

"விஷம் வெக்கறாங்க, மேடம்."

"யாரு?"

"அவன் பொண்டாட்டி." அம்மாள் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனார்னா சந்தேகப்படத்தானே செய்வான்னு நீங்க நினைப்பீங்க."

"சேச்சே," என்றார் விசில். "அப்படி நினைக்கறதுக்கு நாங்க இன்னும் அஞ்சு நிமிஷம் எடுத்துப்போம்."

அம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. கொட்டித் தீர்த்தார். தம்பி லாண்டரிக் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயதுவரை கல்யாணமே வேண்டாம் என்று இருந்த மனுஷர், ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒரு பூந்தொட்டி வாங்கப் போனார். தொட்டியோடு திரும்பி வந்தார். மறுநாள் இன்னொரு தொட்டி. இருபத்திரண்டாவது தொட்டிக்கு அப்புறம் அந்தச் செடிக்கடைக்காரியையே கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒம்போது நாளைக்கு முன்னாடி ஜுரம் வந்துச்சு. டாக்டர் ஃப்ளூன்னு சொல்லி மாத்திரை குடுத்தார். அஞ்சாம் நாளே ஜுரம் இறங்கிடுச்சு. ஆனா ஆளு தேறலை. ஒரே இருமல், இளைப்பு. முந்தாநாள் சூப் எடுத்துக்கிட்டுப் போனேன். குளியலறையில நின்னு குடல் வெளிய வர்ற மாதிரி இருமிக்கிட்டிருந்தான். வெளிய வந்து 'ஒண்ணுமில்லக்கா'ன்னான். உள்ள போய்ப் பார்த்தா, வாஷ்பேசின்ல இது கிடக்கு."

கைப்பையிலிருந்து ஒரு ஜாம் பாட்டில் வெளியே வந்தது. அதில் முக்கால் வரை தண்ணீர். தண்ணீரில் வெள்ளையாக ஒன்று மிதந்தது.

விரல் நீளம்தான் இருக்கும். தடித்த தண்டு ஒன்று. அது இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து, போகப் போக மெலிந்து நூல் நூலாக விரிந்திருந்தது.

விசிலின் வாய் முதல் தடவையாக மூடியது.

"வேர்," என்றார் அம்மாள். "எடுக்கறப்போ சுருண்டு போய்ச் சளிக் கட்டி மாதிரிதான் இருந்துச்சு. தண்ணில போட்டதும் இப்படி விரிஞ்சுக்கிச்சு. அவ செடி விக்கறவ. எந்த வேர் ஆளைக் காப்பாத்தும், எது ஆளைக் கொல்லும்னு அவளுக்கு அத்துப்படி."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினா அவ உஷாராயிட மாட்டாளா? கையும் களவுமா பிடிக்கணும்னுதானே உங்ககிட்ட வந்தேன்!"

கமா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதைத் துப்பினதுக்கு அப்புறம் தம்பி எப்படி இருந்தார்?"

"அதான் அதிசயம். நல்லா மூச்சு விட்டான். ரெண்டு கிண்ணம் சூப் குடிச்சான். விஷம் வெளிய வந்துடுச்சில்ல! நேத்து சாயங்காலத்துலேருந்து மறுபடி இளைக்குது. அப்படின்னா மறுபடி குடுத்திருக்கா."

கமா இடுக்கியால் அதை எடுத்தார். லேசாக இழுத்தார். நீண்டது. விட்டார். சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தது.

"ரப்பர் பேண்ட் மாதிரி இருக்கே," என்றார் விசில்.

"வேரை இழுத்தா அறும், இல்ல ஒடியும்," என்றார் கமா. "இது ரெண்டுமே செய்யலை. மேல தோல் இல்ல. மண் வாசனை இல்ல…" அங்கே நிறுத்திக்கொண்டார்.

மிச்சம் வரும் என்று அம்மாள் காத்திருந்தார்.

"இன்னிக்கு வராதும்மா," என்றார் விசில். "அடுத்த ஸ்டாப்ல ஏறும். நீங்க தம்பி வீட்டுக்குப் போங்க, நாங்க அந்தச் செடிக்கடையை ஒரு பார்வை பார்த்துட்டுப் பின்னாலயே வர்றோம்."

செடிக்கடை நான்கு தெரு தள்ளி இருந்தது. வரிசை வரிசையாகத் தொட்டிகள், மேலே பச்சை வலை, கீழே சேறு. சேற்றுக்கு நடுவில் ஒரு பிளம்பர் குனிந்து, வெடித்த தண்ணீர்க் குழாயைத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிய ஒரு பெண் அவருக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கம் இல்லாத கருவளையம்.

"ஒண்ணும் கேட்காதீங்க, நான் சமாளிக்கறேன்," என்று கமாவிடம் கிசுகிசுத்துவிட்டு விசில் முன்னே போனார். "பால்கனிக்கு ஒரு செடி வேணும். வெயில் கேட்கக் கூடாது. தண்ணி கேட்கக் கூடாது. ஆனா பூக்கணும்."

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கு. பிளாஸ்டிக் சாமான் கடையில. அடுத்த தெரு."

விசிலுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. "மேடம், இவங்க கொலைகாரி இல்ல," என்றார் சத்தமாக.

பிளம்பரின் ரம்பம் நின்றது. கமா பெருமூச்சு விட்டார். ஆறு மாதமாக ஒத்திகை பார்த்தும் விசிலுக்கு மாறுவேஷம் இரண்டு நிமிஷத்துக்கு மேல் தாங்குவதில்லை. இனி ஒளித்துப் பயனில்லை என்று பையிலிருந்து ஜாம் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"இதை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

லாண்டரிக்காரரின் மனைவி பாட்டிலைப் பார்த்தார். உறைகளைக் கழற்றினார். விதை வைக்கும் அலமாரியைத் திறந்து, பின்வரிசையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தார். அதற்குள்ளும் ஒரு வெள்ளை வேர் மிதந்தது. மேலே விதைப் புட்டிகளுக்கு ஒட்டுவது போலவே சீட்டு ஒட்டித் தேதி எழுதியிருந்தார். ஆறு நாளைக்கு முந்தைய தேதி.

"இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று கமா கேட்டார்.

"அவர் தலகாணிக்கு அடியில, கைக்குட்டைக்குள்ள இருந்துச்சு. உங்க கையில இருக்கறது யார் குடுத்தது? எங்க அண்ணியா, இவரோட அக்கா?"

விசில் மேலே பச்சை வலையைப் பார்த்தார்.

"அண்ணிதான்," என்றார் அந்தப் பெண். "அப்படின்னா நான் விஷ வேர் குடுக்கறேன்னு சொல்லியிருப்பாங்க. மேடம், நான் இருபது வருஷமா செடி விக்கறேன். இது வேர் இல்லன்னு பார்த்த மாத்திரத்துலயே தெரியும். வேர் நுனியில மயிர் மாதிரி மெல்லிசா வேர்த்தூவி இருக்கும். இதுல இல்ல. இது அவங்க சூப்புலேருந்து வந்தது."

"சூப்புலேருந்தா?"

"தினமும் ஒரு ஃப்ளாஸ்க் கொண்டு வர்றாங்க. உள்ள என்னன்னு கேட்டா 'எங்க குடும்பத்து ரகசியம்'னு சிரிக்கறாங்க. குடிச்சாதான் இவருக்கு இருமல் அதிகமாகுது. என்னத்தையோ கலக்கி, உடம்பைக் கெடுத்து, 'பாரு, உன்னால பார்த்துக்க முடியலை'ன்னு சொல்லித் தம்பியைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான்."

"இதை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினா அவங்க உஷாராயிட மாட்டாங்களா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது. விசில் விரல் விட்டு எண்ணினார். "ஒரு நோயாளி, ரெண்டு போலீஸ், ரெண்டு குற்றவாளி. ஆளு மொத்தம் மூணு பேர்தான். சிக்கனமான குடும்பம்."

கமா அதைக் கேட்கவில்லை. நாற்று வைக்கும் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினார். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இரண்டையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் விட்டார். இடுக்கியால் ஒவ்வொரு கிளையாகப் பிரித்து நேராக்கினார். பிறகு குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார்.

"விசில், வந்து பாருங்க. தண்டு பிரிஞ்ச உடனே வலது பக்கம் ஒரு முழங்கை வளைவு இருக்கா?"

"இருக்கு."

"இன்னொண்ணுல?"

விசில் எட்டிப் பார்த்தார். "அட. அதே இடத்துல அதே வளைவு. கீழ மூணு கிளை, நடுவுல இருக்கறது குட்டை. இதுலயும் நடுவுல இருக்கறதுதான் குட்டை. ரெட்டைப் பிள்ளையா?"

"அச்சகத்துல ஒரு எழுத்துக்குக் கால் உடைஞ்சிருந்தா, அச்சாகற ஆயிரம் தாள்லயும் அந்த எழுத்துக்குக் கால் உடைஞ்சேதான் இருக்கும்," என்றார் கமா. "ரெண்டு தாள்ல ஒரே பிழை இருந்தா, ரெண்டும் ஒரே அச்சுலேருந்து வந்ததுன்னு அர்த்தம். ரெண்டு வேர் அச்சு அசலா ஒரே மாதிரி வளராது. இது வளரவே இல்ல. எதுக்குள்ளயோ ஊத்தி, உறைஞ்சு, உருவி வந்திருக்கு. நாலு நாள் இடைவெளியில ரெண்டு தடவை."

சேற்றிலிருந்து பிளம்பர் எழுந்து வந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஆனால் தன் துறையைப் பற்றிப் பேச்சு வரும்போது எந்தத் தொழிலாளியும் சும்மா இருப்பதில்லை.

"இது பைப்புக்குள்ள படிஞ்சது மேடம்," என்றார் தட்டைப் பார்த்து. "சமையலறைக் குழாய்ல கொழுப்பு அடைச்சுக்கும். கம்பி விட்டு இழுத்தா, குழாய் எப்படி வளையுதோ அதே வளைவோட முழுசா உருவிக்கிட்டு வரும். இது ஜாயின்ட். இதோ இன்னொரு ஜாயின்ட். ஆனா எந்த வீட்டுல இப்படி லைன் இழுத்தானோ தெரியலை. விரல் நீளத்துக்குள்ள இத்தனை கிளையா! நான் இப்படி இழுத்தா வீட்டுக்காரர் என்னை அடிப்பாரு."

"அந்தக் குழாய் இப்போ எப்படி இருக்கும்?" என்று கமா கேட்டார்.

"ஒரு தடவை வந்தா சும்மா விட்டுடலாம். ரெண்டு தடவை வந்துடுச்சுன்னா மூணாவதும் உள்ள படிஞ்சுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். முழுசா அடைக்கறதுக்குள்ள பார்த்துடணும்."

கமா நிமிர்ந்தார். முகம் மாறியிருந்தது. "வேன் வெச்சிருக்கீங்களா?"

"லாண்டரி வேன் இங்கதான் நிக்குது," என்றார் மனைவி. "ஏன்?"

"சாவியை எடுங்க. வழியில சொல்றேன்."

வழியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவர் கடைசியா எப்போ ஒரே மூச்சுல ஒரு முழு வாக்கியம் பேசினார்?" மனைவி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யோசித்தார். வேன் வேகம் எடுத்தது.

லாண்டரி கீழே, வீடு மேலே. லாண்டரிக்காரர் மேலே படுத்திருக்கவில்லை. கீழே முக்காலியில் உட்கார்ந்து ஒரு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் அலமாரிகளில் துணிக் கட்டுகள், ஒவ்வொன்றிலும் சீட்டு, ஒவ்வொன்றும் கட்டி முடித்துத் தயார். அழுக்குக் கூடைகள் காலி. அக்கா வாசலில் ஃப்ளாஸ்க்கோடு நின்று, படுக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஒம்போது நாளா உடம்பு முடியாம இருக்கறவர் கடையில ஒரு கைக்குட்டைகூட பாக்கி இல்லையே," என்றார் கமா மெதுவாக.

மனைவி உள்ளே நுழைந்ததும் அக்கா திரும்பினார். கமாவின் கையில் இருந்த இரண்டு புட்டிகளும் கண்ணில் பட்டன.

"அகப்பட்டுக்கிட்டாளா!"

"யாரு அகப்பட்டாங்க? ஃப்ளாஸ்க்கை முதல்ல கீழ வைங்க அண்ணி, அதுவும் சோதனைக்குப் போகுது."

"என் சூப்பையா சொல்றே? எங்க அம்மா கைப்பக்குவம்டி அது!"

லாண்டரிக்காரர் இருவரையும் சமாதானப்படுத்தக் கையைத் தூக்கினார். "ரெண்டு…" என்றார். மூச்சு வாங்கினார். "பேரும்…" மறுபடி வாங்கினார். மூன்றாவது வார்த்தை வரவில்லை.

கமா அவர் பின்னால் போய் நின்றார். முதுகில் வலது பக்கம் ஒரு கை, இடது பக்கம் ஒரு கை வைத்தார். "மூச்சை இழுங்க."

இடது கை எழுந்தது. வலது கை அசையவில்லை. சுவரில் வைத்த மாதிரி இருந்தது.

"வாயைத் திறக்காதீங்க, ரெண்டு பேரும்," என்றார் கமா. இருபத்தாறு வருஷம் யாரையும் அதட்டாத குரல். இரண்டு பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். "யாரும் விஷம் வெக்கலை. இது வேர் இல்ல, சூப் இல்ல. இவரோட மூச்சுக்குழாய். உள்ள ஊறற சளி அதுக்குள்ளயே இறுகிப் போய், குழாய் எப்படிக் கிளை கிளையா பிரியுதோ அப்படியே அச்சு எடுத்துக்கிட்டு வந்திருக்கு. இப்போ வலது பக்கம் இன்னொண்ணு அடைச்சு நிக்குது. உதட்டைப் பாருங்க."

பார்த்தார்கள். துணிக்குப் போடும் நீலத்தில் தோய்த்து எடுத்தது போல் இருந்தது உதடு.

லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். எழுந்திருக்கப் பார்த்தார். கால் மடங்கியது. விழுவதற்கு முன்னால் ஒரு தோளை மனைவி பிடித்தார், மறு தோளை அக்கா பிடித்தார்.

வேனில் அவரை உட்கார்ந்த நிலையிலேயே சாய்த்து வைத்தார்கள். தலைக்கு மேலே ஹேங்கரில் கோட்டுகள் ஆடின. மனைவி ஓட்ட, விசில் பின்கதவில் ஒரு காலைத் தொங்கவிட்டு நின்று வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். "போலாம் ரைட்!" வழியெல்லாம், "லெஃப்ட்ல பஸ் வருது… சைக்கிள் ஒதுங்கு… ரைட், ரைட், ரைட்!" என்று அவர் போட்ட கூச்சலில் தெரு தானாகவே பிளந்து வழி விட்டது. அந்த வாய்க்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் நல்ல உபயோகம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். இளம் பெண். ஆக்சிஜன் முகமூடி மாட்டப்பட்டது. "ஃப்ளூவுக்கு அப்புறம் நிமோனியாவா இருக்கும், முதல்ல படம் எடுத்துப் பார்ப்போம்" என்று அவர் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கமா இரண்டு புட்டிகளையும் முன்னால் வைத்தார்.

"படம் ஏற்கெனவே இருக்கு, டாக்டர். இது இவரோட மூச்சுக்குழாய். ரெண்டு காப்பி."

டாக்டர் குனிந்து பார்த்தார். புட்டியைச் சுழற்றினார். பிறகு நர்ஸிடம் சொன்ன வேலைகளையெல்லாம் மாற்றிச் சொன்னார். மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். கேமராக் குழாயைத் தயார் செய்யச் சொன்னார்.

ஒன்றேகால் மணி நேரம். தாழ்வாரத்துப் பெஞ்சின் ஒரு கோடியில் மனைவி, மறு கோடியில் அக்கா. நடுவில் விசில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச அவருக்கு ஆயிரம் இருந்தது. ஆனால் அக்கா மடியில் இருந்த ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய் இருவருக்கும் தண்ணீர் வாங்கி வந்தார்.

டாக்டர் ஒரு கண்ணாடித் தட்டோடு வெளியே வந்தார். தட்டு நிறைய, உள்ளங்கையை விரித்து வைத்தது போல, ஒரு வெள்ளை மரம்.

"வலது பக்கம் பாதிக்கு மேல அடைச்சிருந்தது இதுதான். எடுத்துட்டோம். இப்போ அந்தப் பக்கமும் காத்து போகுது." மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டார். டாக்டர் தொடர்ந்தார்: "ஃப்ளூ வந்தா நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல தானா சரியாயிடும். சிலருக்கு நிமோனியா வரும். ஆனா எங்கயோ ஒருத்தருக்கு மூச்சுக்குழாயோட உள்தோல் வீங்கி, அதுலேருந்து வர்றது பசை மாதிரி இறுகிப் போய் இப்படி அச்சு எடுத்துக்கும். குழந்தைகளுக்கு எப்பவாவது வரும். பெரியவங்களுக்கு அதைவிட அபூர்வம். நானே இப்போதான் ரெண்டாவது தடவை பார்க்கறேன். மறுபடி படியலாம், அதனால ஒரு வாரம் எங்க கண்ணு முன்னாடி இருக்கணும்."

"இருமறப்போ இது வெளிய வந்ததும் நிம்மதியா மூச்சு விட்டான்," என்றார் அக்கா சின்னக் குரலில். "விஷம் போயிடுச்சுன்னு நினைச்சேன்."

"அடைப்பு போச்சு, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு கேட்கணும். இதை யார் பத்திரமா எடுத்து வெச்சது? எல்லாரும் சளின்னு நினைச்சுத் தண்ணி ஊத்திக் கழுவி விட்டுடுவாங்க. இதைப் பார்க்கலைன்னா நான் நிமோனியான்னு ஆரம்பிச்சிருப்பேன். சாயங்காலம் வரைக்கும் இவர் தாங்கியிருப்பாரான்னு சொல்ல முடியாது."

பெஞ்சின் இரண்டு கோடியிலும் இரண்டு தலைகள் குனிந்திருந்தன.

"ரெண்டு பேரும்தான் டாக்டர்," என்றார் விசில். "தனித்தனியா. இவங்களுக்குள்ள நல்ல ஒத்துமை மட்டும் இருந்திருந்தா, அவர் கதி அதோகதிதான்."

மறுநாள் பத்து மணிக்குத்தான் லாண்டரிக்காரருக்குப் பேச அனுமதி கிடைத்தது. உதடு மனுஷ நிறத்துக்குத் திரும்பியிருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் மனைவி, மறு பக்கம் அக்கா. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டு, இருவரும் நோயாளியின் போர்வையையே சரி செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மேலே இழுக்க, மற்றவர் கீழே இழுக்க, போர்வைதான் பாவம்.

கமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கு ஒரே ஒரு விஷயம் பாக்கி இருக்கு. மொத்தம் எத்தனை துப்பினீங்க?"

லாண்டரிக்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

"உங்க மனைவிகிட்ட ஒண்ணு, அக்காகிட்ட ஒண்ணு. முதல் தடவை வந்ததைக் கைக்குட்டையில சுத்தித் தலகாணிக்கு அடியில ஒளிச்சீங்க. அக்கா கேட்டப்போ ஒண்ணுமில்லன்னீங்க. பயப்படாத ஆளு எதையும் ஒளிக்க மாட்டார். எத்தனை?"

லாண்டரிக்காரர் ஒரு கை விரல்களை விரித்தார். யோசித்துவிட்டு மறு கையிலிருந்து ஒரு விரலைச் சேர்த்தார்.

"ஆறா!" என்றார் மனைவி.

"நாலை… தண்ணி ஊத்தி விட்டுட்டேன்," என்றார் அவர். குரல் கரகரத்தது. "ஒரு தடவை டம்ளர்ல விழுந்து விரிஞ்சுது. மரம் மாதிரி. ஸ்கூல் புஸ்தகத்துல பார்த்திருக்கேனே, நுரையீரல் படம்… அதே மாதிரி. என் நுரையீரல்தான் பிஞ்சு பிஞ்சு வருதுன்னு நினைச்சேன்."

"டாக்டர்கிட்ட போயிருக்கலாமே?"

"பிஞ்சு வந்ததை யாரு ஒட்ட வெக்க முடியும்? இவகிட்ட சொன்னா உடைஞ்சு போயிடுவா. கல்யாணம் ஆகி எட்டு மாசம்தான். அக்காகிட்ட சொன்னா, அப்பா போனப்போ பார்த்த மாதிரி மறுபடியும்…" அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். இந்த முறை மூச்சு முழுதாக வந்தது. "நாலு நாளோ, அஞ்சு நாளோ. அதுக்குள்ள ஜனங்களோட துணியையெல்லாம் முடிச்சுக் கட்டி வெச்சுட்டா, போறப்போ யாருக்கும் தொந்தரவு இருக்காது பாரு."

விசில்கூடத் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கண் நிறைந்தது. மனைவியின் கீழுதடு துடித்தது.

லாண்டரிக்காரர் இருவரையும் ஆறுதலாகப் பார்த்துச் சிரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

"போறப்போவா?" என்றார் அக்கா. "எங்கடா போறதா இருந்தே?"

"இஸ்திரி போட்டுட்டுப் போவாராம்!" என்றார் மனைவி. "நான் ராத்திரி பகலா முழிச்சு உட்கார்ந்து அலமாரியில புட்டியை ஒளிச்சு வெக்கறேன், இவர் பாட்டுக்கு ஜனங்களோட பேண்ட்டுக்கு மடிப்பு எடுத்துக்கிட்டு…"

"நான் இவளைக் கொலைகாரின்னு ஊருக்குள்ள போய்ச் சொல்லிட்டேன்டா! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீ வாயைத் திறந்திருந்தா…"

"நான் அண்ணி சூப்பைச் செடிக்கு ஊத்தினேன்!"

"ஊத்தினியா?" என்று அக்கா திரும்பினார்.

"ஊத்தினேன் அண்ணி. இவரால!"

"இவனாலதான்!"

இரண்டு விரல்கள் ஒரே நேரத்தில் கட்டிலை நோக்கி நீண்டன. எட்டு மாதத்தில் அந்தக் குடும்பம் ஒரே கட்சியில் நின்ற முதல் நிமிஷம் அது. எதிர்க்கட்சியில் இருந்தவர் ஒரே ஆள், அதுவும் படுத்த படுக்கை. அவர் கெஞ்சும் கண்ணோடு விசிலைப் பார்த்தார்.

"ஐயா, இந்த ரூட்ல நான் டிக்கெட் குடுக்கறதில்ல," என்று விசில் பின்வாங்கிக் கதவோரம் போய் நின்றார்.

சத்தம் கேட்டு நர்ஸ் வந்தார். நோயாளியின் மூச்சுக்கு ஓய்வு வேண்டும், ஒருவர் மட்டும்தான் கூட இருக்கலாம், மற்றவர்கள் வெளியே போக வேண்டும் என்று கறாராகச் சொன்னார். "யார் இருக்கப் போறீங்க?"

அக்கா ஃப்ளாஸ்க்கை எடுத்து மூடியைத் திருகித் திறந்தார். ஒரு கிண்ணத்தில் சூப் ஊற்றினார். தம்பிக்கு நீட்டவில்லை. தம்பி மனைவியின் கையில் வைத்தார்.

"நேத்துலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடலை, பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். குடி. நான் வீட்டுக்குப் போய் உனக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வர்றேன்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி நின்றார். "அதுக்குள்ள இவனை முழுசாத் திட்டித் தீர்த்துடாதே."

"இல்ல அண்ணி," என்றார் மனைவி, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "பாதி உங்களுக்கு எடுத்து வெக்கறேன்."

லாண்டரிக்காரர் போர்வையை மூக்கு வரை இழுத்து மூடிக்கொண்டார்.